ஆடலைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம், தொழினுட்பம் ஆகிய துறைகளை நாடும் மாணவருக்குத் தங்கள் பத்திரிகை பக்கம் பக்கமாக வழிகாட்டுகிறது. அந்தப் பக்கங்களைக் கத்தரித்து என் மாணவிகளின் பெற்றோரிடம் கொடுத்து வருபவள் நான். அவற்றின் பயனை நன்றியோடு அறிவேன். ஆயினும் நடனத்தையே வாழ்நாள் தொழிலாக எடுக்க விரும்பும் பிள்ளை பதினேழு, பதினெட்டு வயதில் எங்கே போகவேண்டும், எதைக் கேட்டறிந்து தெரிவு செய்யவேண்டும் என்பதைப் பற்றி இதுவரை ஒரு பத்தியும் வந்ததாக எனக்கு நினைவில்லை. கிளிநொச்சியில் 22 ஆண்டுகளாக நடனம் கற்பித்து வரும் ஆசிரியை என்ற முறையில், அண்மையில் என் குடும்பத்திலும் என் வகுப்பிலும் எழுந்த ஒரு கேள்வியை முன்வைத்து நான் கண்டவற்றை எழுத விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒரே கிழமைக்குள் இரண்டு தகப்பன்மார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் ரொறன்ரோவில் வாழும் என் தம்பி. அவருடைய மகள் ஏழு வயதிலிருந்து ஐரோப்பிய மரபு நடனமான பாலே பயின்று, இப்பொழுது 17 வயதில், அதையே தொழிலாகக் கொள்வேன் என்று உறுதியாக நிற்கிறாள். மற்றவர் பரந்தனுக்கு அப்பால் வயல் செய்யும் ஒரு கமக்காரர். அவருடைய மகள் பத்து ஆண்டுகள் என்னிடம் பரதம் பயின்றவள். உயர்தரத்தில் நடனத்தை ஒரு பாடமாக எடுத்து நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். பனி கொட்டும் நகரத்திலிருந்து வந்த கேள்வியும் இரணைமடு வாய்க்காலோரத்திலிருந்து வந்த கேள்வியும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தன: “இனி இவளை எங்கே விடுவது?”

முதலில் தம்பியின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். பாலே பற்றி நான் அறிந்தவை ஆடிக் கற்றவை அல்ல. அந்தப் பிள்ளைக்காக மூன்று ஆண்டுகளாகத் தேடி வாசித்தும், அவளுடைய ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டும் தெரிந்துகொண்டவை. அக்கலையில் காலக்கணக்கு நம்முடையதைவிட மிகவும் கடுமையானது. சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் 1738 இல் தொடங்கப்பட்டு இன்று வகனோவா என்ற ஆசிரியையின் பெயரைத் தாங்கி நிற்கும் கல்விக்கழகம், பத்து வயதளவில் பிள்ளைகளைச் சேர்த்து எட்டு ஆண்டுகள் பயிற்றுகிறது. இலண்டனின் றோயல் பாலே பள்ளி 11 வயதில் பிள்ளைகளை ரிச்மண்ட் பூங்காவிலுள்ள வைற் லொட்ஜில் சேர்த்துக்கொண்டு, 16 வயதில் மறுபடியும் தெரிவு நடத்தியே கொவென்ற் கார்டனிலுள்ள மேற்பள்ளிக்கு அனுப்புகிறது. கீழ்ப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் படித்தவளுக்குக்கூட அங்கே இடம் நிச்சயமில்லை. ரொறன்ரோவில் உள்ள கனடாவின் தேசிய பாலே பள்ளியும் ஆறாம் வகுப்பு முதலே பொதுப் பாடங்களையும் நடனத்தையும் ஒன்றாகக் கற்பிக்கிறது. ஆகவே 16 முதல் 18 வரையான வயது அந்தக் கலையில் தொடக்கப் பருவமாகக் கருதப்படுவதில்லை. அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் முடிந்து, தொழில்முறைக் குழுக்களின் கண்ணில் படவேண்டிய பருவமாகவே கருதப்படுகிறது. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் 1973 முதல் நடைபெற்று வரும் புகழ்பெற்ற போட்டியும் 15 முதல் 18 வயது வரையுள்ள மாணவருக்கே உரியது; அதில் வெல்பவருக்குக் கிடைக்கும் பெரும் பேறு, பெயர்பெற்ற ஒரு பள்ளியிலோ குழுவிலோ சென்று பயில்வதற்கான இடமும் புலமைப்பரிசிலுமே ஆகும்.

என் தம்பியின் மகள் அத்தகைய வதிவிடப் பள்ளி எதிலும் படித்தவள் அல்லள். வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு நடனக்கூடத்தில் ஒரே ஆசிரியையிடம் பயின்று, றோயல் அக்கடமி ஒஃவ் டான்ஸ் நடத்தும் தொழில்சார் பரீட்சைகளில் படிப்படியாக ஏறி வந்தவள். அவள் முன்னே இப்பொழுது மூன்று வழிகள் இருக்கின்றன. வேறொரு நாட்டிலுள்ள பெயர்பெற்ற குழு ஒன்று, தன் பள்ளியில் முழுக் கட்டணம் செலுத்திப் பயிலுநராகச் சேருமாறு கடிதம் அனுப்பியிருக்கிறது. ரொறன்ரோவிலேயே உள்ள யோர்க் பல்கலைக்கழகத்தில் நடனத்தையே பட்டப்படிப்பாகப் படிக்கலாம். அல்லது இருக்கும் ஆசிரியையிடமே இன்னும் ஓராண்டு இருந்து, கோடைகாலப் பயிற்சிக்குச் சென்று, அடுத்த ஆண்டு தெரிவுகளில் கலந்துகொள்ளலாம். கடிதத்தைக் கண்டதும் தம்பி மனம் நிறைந்து போனார். குழுவின் பெயரை நண்பர்களிடம் சொன்னார். வீட்டின் மீது கடன் எடுக்கலாமா என்று வங்கியிலும் விசாரித்துவிட்டார். பிள்ளை மட்டும் பேசாமல் இருந்தாள்.

தம்பியின் தடுமாற்றம் எனக்கு நன்றாகவே விளங்கியது, ஏனெனில் அது நம் எல்லோருக்கும் பொதுவான தடுமாற்றம். நம் வழக்கத்தில் பிள்ளையின் கலைப்பயணம் அரங்கேற்றத்தை நோக்கிச் செல்கிறது. அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பவர்கள் பெற்றோரும் குருவும்; மண்டபம் எடுப்பதும், பக்கவாத்தியக் கலைஞரை வருவிப்பதும், சேலையும் நகையும் வாங்குவதும், சபையோருக்கு விருந்தளிப்பதும் வீட்டாரின் பொறுப்பு. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பழகிய மனம், அடுத்த படியும் நாம் செலவு செய்து பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக்கூடிய ஒன்று என்று எண்ணிவிடுகிறது. பாலே உலகில் தொழிலுக்குள் செல்லும் வாசலில் நிற்பவர் அந்நியர். அவர் முதுகில் இலக்கம் குத்திய நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் நிறுத்தி, கம்பைப் பிடித்துச் செய்யும் முதற் பயிற்சியிலிருந்து பாய்ச்சல் வரை ஒன்றரை மணி நேரம் பார்த்து, தம் குழுவுக்குத் தேவையானவரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை அனுப்பிவிடுகிறார். அங்கே பெற்றோரின் பணத்துக்கு எந்த நிலைமட்டும் இடமுண்டு, எந்த நிலைக்குப் பின் இடமில்லை என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை என்று தம்பிக்குச் சொன்னேன்.

அதைப் பிரித்தறிவதற்கு ஒரு கேள்வியே எனக்குத் தெரிந்தவரை போதுமானது. ஒரு பள்ளியில் கடந்த மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்கள் இன்று எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. அந்தப் பள்ளியை நிறுவியவர் யார், சுவரில் யாருடைய படம் தொங்குகிறது, எந்த மாளிகையில் இயங்குகிறது என்பவையெல்லாம் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பாலே குழுவொன்றில் சம்பளத்தோடு நிலையான இடம் பெறுவதற்கு முன் பல படிகள் உள்ளன. பள்ளியின் உச்சியில் பயிலுநர் நிலை. சில இடங்களில் அதற்கு மேல் இளையோர் குழு. அதன்பின் பயிற்சி ஒப்பந்தம். அதன் பின்னரே பெருங்காட்சிகளில் அன்னங்களாகவும் வெண்பனித் துகள்களாகவும் அணிவகுத்து ஆடும் குழுநடனர் இடம். அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தனிநடனர், முதன்மை நடனர் என்று ஏறவேண்டும். பயிலுநர் நிலை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சில குழுக்கள் பயிலுநரிடம் கட்டணம் அறவிடுகின்றன. சில குழுக்கள் கட்டணமும் பெறாமல் ஊதியமும் கொடுக்காமல் வைத்திருக்கின்றன. சில சிறு உதவித்தொகை கொடுக்கின்றன. ஒரு குழு ஆண்டுதோறும் முப்பது பயிலுநரைக் கட்டணத்தோடு சேர்த்து, மார்கழிக் காட்சிகளில் மேடையை நிரப்ப அவர்களைப் பயன்படுத்தி, முடிவில் ஒருவருக்கே ஒப்பந்தம் கொடுக்குமானால், அந்த இடம் எத்துணைப் பெரிய பெயரைத் தாங்கியிருந்தாலும் ஏனைய இருபத்தொன்பது பேருக்கும் அது அடுத்த படியாக அமையாது. அதே வேளையில், நாம் பெயரே கேட்டிராத ஒரு சிறு நகரத்தின் பள்ளி ஆண்டுக்கு எட்டுப் பேரை மட்டும் எடுத்து, அவர்களில் ஐவரை ஏதோ ஒரு குழுவில் சம்பளத்தோடு சேர்த்துவிடுமானால், அங்கே போவதே அறிவுடைமை.

ஆகவே தம்பியை அந்தப் பள்ளிக்குக் கடிதம் எழுதி நேராகக் கேட்கச் சொன்னேன். கடந்த மூன்று ஆண்டுகளிலும் பயிலுநராகச் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் அதே குழுவில் ஒப்பந்தம் பெற்றவர் எத்தனை பேர், வேறு குழுக்களில் சேர்ந்தவர் எத்தனை பேர், காயத்தால் இடையில் நின்றவர் எத்தனை பேர், முதலாண்டின் பின் கட்டணச் சலுகை உண்டா என்று அவர் கேட்டார். சேர்ந்தவர் தொகைக்கு மட்டும் பதில் வந்தது. மற்றவற்றுக்கு, “எங்கள் மாணவர்கள் உலகெங்கும் ஆடுகிறார்கள்” என்ற ஒரு வரியே வந்தது. நம்மூர்த் தனியார் கல்வி நிலையம் ஒன்று அப்படிப் பதில் சொன்னால் நாம் ஏற்றுக்கொள்ளமாட்டோம். வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக அதை ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

கோடைகாலப் பயிற்சியை வெறும் விடுமுறை வகுப்பு என்று தம்பி நினைத்திருந்தார். உண்மையில், பெரிய பள்ளிகள் பலவற்றில் அந்தச் சில வாரங்களே நீண்ட தெரிவாக அமைகின்றன. கனடாவின் தேசிய பாலே பள்ளியிலும் முதற் தெரிவில் தேறியவர்கள் ஆடி மாதப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டு, அங்கே கவனிக்கப்பட்ட பின்னரே முழுநேர இடம் தீர்மானிக்கப்படுகிறது. பிள்ளைக்கும் அது பார்வைக் காலம்தான். எந்த ஆசிரியர் தன்னைத் திருத்துகிறார், எவர் தன்னைக் கடந்து போகிறார், அந்தக் கூடத்தில் மூத்த மாணவர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பதை அவள் தன் கண்ணால் காணலாம். தன்னை வாய்விட்டுத் திருத்தும் ஆசிரியரே தன்னைக் கவனித்த ஆசிரியர் என்பதை நடனம் பயின்ற எவரும் அறிவர். நான் படித்த காலத்தில், முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி சற்று எழும்பினாலும், தாளம் போடும் தட்டுக்கழியை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கும் குருவின் பார்வைக்கு அஞ்சியதைப் போல வேறெதற்கும் அஞ்சியதில்லை. எனக்குக் கற்பித்ததும் அந்தப் பார்வைதான்.

உடம்பைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நம் ஊடகங்கள் இதைத் தொடுவதே இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முழுநேரப் பாலே மாணவி வாரத்தில் ஐந்தாறு நாட்கள், நாளொன்றுக்குப் பல மணி நேரம் உழைக்கிறாள். விரல் நுனியில் நிற்கும் சப்பாத்துக்குள் முழு உடற்பாரத்தையும் தாங்குகிறாள். அந்தச் சப்பாத்து விரைவில் தளர்ந்துவிடும். தொழில்முறை நடனமணி ஒருத்தி ஒரே ஆற்றுகையில் ஒரு சோடியைத் தேய்த்துவிடுவதும் உண்டு. குழுவில் இருப்பவருக்குக் குழு கொடுக்கும்; மாணவிக்குப் பெற்றோர்தான் வாங்கவேண்டும் என்பதால் அதையும் செலவுக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஆனால் செலவைவிடப் பாரதூரமானது உணவு. மெலிந்த தோற்றம் வேண்டும் என்பதற்காகப் பிள்ளை உணவைக் குறைத்தால், உழைப்புக்கு ஏற்ற ஊட்டம் கிடைக்காமல் மாதவிடாய் தவறத் தொடங்கும்; மாதவிடாய் தொடர்ந்து தவறினால் எலும்பு நலியும்; நலிந்த எலும்பு ஓயாத தாக்கத்தைத் தாங்காமல் மயிரிழை முறிவு காணும். மருத்துவ உலகம் நன்கு அறிந்த சங்கிலி இது. ஆகவே ஒரு பள்ளியைத் தெரிவு செய்யும்போது, அங்கே இயன்மருத்துவர் இருக்கிறாரா, பிள்ளைகளை எல்லோர் முன்னும் நிறுக்கிறார்களா, காயம்பட்ட பிள்ளை ஓய்வெடுத்தால் அவளுடைய இடம் பறிபோகுமா என்று ஒரு தாய் வெட்கப்படாமல் கேட்கவேண்டும்.

அங்கேயுள்ள கூடங்களில் நிலத்துக்குச் சிறப்பான கவனம் கொடுக்கப்படுகிறது. காற்றிடைவெளி விட்டு மரச்சட்டங்களின் மேல் அமைத்த, மிதித்தால் மெல்லத் தணிந்து எழும் தளத்திலேதான் அவர்கள் ஆடுகிறார்கள். வன்னியில் என் மாணவிகள் வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் தட்டடவு போடுகிறார்கள். பாடசாலை மண்டபங்கள் மீளக் கட்டப்பட்டபோது ஒளிரும் தரையோடுகளைப் பதித்துத் தந்தார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும் அந்த ஓடு கற்களுக்குச் சற்றும் தணியும் குணம் இல்லை. இருபது வயதுக்கு முன்பே குதிக்கால் வலி, முழங்கால் வலி என்று வந்து நிற்கும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். நான்கு ஆண்டுப் பயிற்சிக்கு ஓரிடத்தைத் தெரிவு செய்யும் பிள்ளை, பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன் காலடியில் உள்ள தரையைப் பார்க்கவேண்டும் என்று என் வகுப்பில் இப்போது சொல்லி வருகிறேன்.

தம்பியின் வீட்டில் அடுத்த விவாதம் பட்டப்படிப்பைப் பற்றியது. “முதலில் ஒரு பட்டம், பிறகு ஆட்டம்” என்பது நம் சமூகத்தின் தீர்ப்பு. இரண்டு முறை இடம்பெயர்ந்து, கையில் இருந்த சான்றிதழ்ப் பையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்த நமக்கு அந்த எண்ணம் வலுத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் பாலே அந்த ஒழுங்குக்கு உட்படுவதில்லை. அங்கே உடம்பின் காலம் குறுகியது. பாரிஸ் ஒப்பெராவின் பாலே குழுவில் நடனக் கலைஞரின் ஓய்வு வயதே 42. வேறிடங்களில் பலர் அதற்கும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு முப்பதிலும் போகலாம். இருபத்திரண்டில் பட்டத்தோடு வெளிவந்து முதன்முதலாகப் பாலே குழுவின் வாசலில் நிற்பது மிகக் கடினம். சமகால நடனத்தை நாடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேறு; அங்கே பட்டப்படிப்பின் வழியாகக் குழுக்களில் சேர்பவர் பலர் உள்ளனர். ஆகவே தான் எந்த நடனத்தை ஆடவிரும்புகிறாள் என்பதைப் பிள்ளை தீர்மானித்த பின்னரே பல்கலைக்கழகம் நல்லதா, பள்ளி நல்லதா என்று பேசவேண்டும்.

முடிவில் பிள்ளையே பேசினாள். அந்த வெளிநாட்டுக் கடிதம் தான் அனுப்பிய காணொளியைப் பார்த்து வந்தது என்றும், தன்னை நேரில் ஒருவரும் பார்க்கவில்லை என்றும், மாறாகச் சென்ற கோடையில் வேறோர் பள்ளியில் ஓர் ஆசிரியை தன் தோளை மூன்று நாட்கள் தொடர்ந்து திருத்தினார் என்றும், அவரிடம் போகவே தனக்கு விருப்பம் என்றும் சொன்னாள். “மாமி, அவர் என்ரை பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்” என்றாள். இன்னும் ஓராண்டு தன் பழைய ஆசிரியையிடம் இருந்து, அந்தப் பள்ளியின் கோடைப் பயிற்சிக்கு மறுபடி சென்று, அதே வேளை பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்து வைப்பதென்று தீர்மானமாகியிருக்கிறது. வீட்டின் மீது கடன் எடுக்கப்படவில்லை.

இனிப் பரந்தன் பிள்ளையின் நிலைக்கு வருகிறேன். அவளுக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக வளர்ந்து இன்று தனிப் பீடமாக இயங்கும் இடம் கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் உள்ளது. அங்கே போக ஒரு பகற்பொழுது பேருந்தில் இருக்கவேண்டும். இந்திய அரசின் கலாசாரப் புலமைப்பரிசில் கிடைத்தால் சென்னையில் கலாக்ஷேத்திராவின் நான்கு ஆண்டு டிப்புளோமாவுக்கு முயலலாம். கல்வியியற் கல்லூரிக்குச் சென்று ஆசிரியையாக வெளிவரலாம். 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை முடித்துக் கலாவித்தகர் பட்டமும் பெறலாம். இவை ஒவ்வொன்றும் மதிப்புள்ள வழியே. என் போன்றோரை உருவாக்கியவை இவைதான்.

ஆனால் ரொறன்ரோவுக்குச் சொன்ன அதே கேள்வியை இங்கேயும் கேட்டாகவேண்டும். இங்கே படித்து வெளியேறியவர்கள் இன்று எங்கே நிற்கிறார்கள்? என்னோடு ஒரே அணியில் படித்து வெளியேறிய பதினொரு பேரில் ஒன்பது பேர் பாடசாலை ஆசிரியர்கள். ஒருவர் வெளிநாட்டில் வகுப்பு நடத்துகிறார். ஒருவர் நடனத்தை விட்டுவிட்டார். ஆடுவதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவரும் இல்லை. எங்களுக்குப் பின் வந்தவர்களில் பலர் நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தத் தகப்பன், “ஆடிச் சம்பாதிக்கலாமோ ரீச்சர், இல்லாட்டிப் படிப்பிச்சுத்தான் சம்பாதிக்கவேணுமோ?” என்று கேட்டபோது, இந்த மாகாணத்தில் இன்றைக்குப் படிப்பித்துத்தான் சம்பாதிக்க முடியும் என்ற உண்மையை மறைக்காமல் சொன்னேன். கற்பித்தலை நான் குறைவாக எண்ணவில்லை. என் வாழ்வே அதுதான். ஆயினும் மேடைக்கு என்று பிறந்த பிள்ளைக்கும் வகுப்பறை ஒன்றே வாசலாக இருப்பது அந்தப் பிள்ளையின் குற்றமன்று.

இதில் கனடாவின் வரலாறு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. அங்கே தேசிய பாலே குழு 1951 இல் தொடங்கப்பட்டது. தேசிய பாலே பள்ளி 1959 இல்தான் வந்தது. ஆடுவோருக்குச் சம்பளம் கொடுக்கும் குழு முதலில் எழுந்து, அதற்கு ஆட்கள் வேண்டும் என்பதற்காகப் பள்ளி பின்னர் எழுந்தது. வடக்கில் நாம் பள்ளிகளையும் பரீட்சைகளையும் பட்டங்களையும் அமைத்துவிட்டோம். அவற்றின் முடிவில் நிற்கவேண்டிய குழுவை மட்டும் அமைக்கவில்லை. தமிழ்மொழித் தினப் போட்டியில் தேசிய மட்டம் வரை சென்று வென்ற பிள்ளைகள், பாடசாலையை விட்டு விலகிய மறுநாளே ஆடுவதற்கு இடமின்றிப் போகிறார்கள். மாகாணக் கல்வி, பண்பாட்டலுவல்கள் அமைச்சு பன்னிரண்டு பேரைக் கொண்ட ஓர் ஆற்றுகைக் குழுவைச் சம்பளத்தோடு அமைத்து, அதற்குத் திறந்த தெரிவு நடத்தி, பரதத்தோடு முல்லைத்தீவின் கோவலன் கூத்து ஆட்டமுறையையும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் நேரில் பயிலச் செய்து, பாடசாலைகளுக்கும் ஆலயங்களுக்கும் ஆண்டு முழுவதும் அனுப்புமானால், “அடுத்து எங்கே?” என்று கேட்கும் பிள்ளைக்கு நான் காட்டக்கூடிய ஓர் இடமாவது இருக்கும்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்து வரும் 16 வயது மாணவி ஒருத்தி, கைபேசியில் பாலே காட்சிகளைப் பார்த்து, தானும் அதைக் கற்று அதிலேயே தொழில் செய்யலாமா என்று என்னிடம் தனியாக வந்து கேட்டாள். கொழும்பில் பாலே கற்பிக்கும் பள்ளிகள் உண்டு, வெளிநாட்டுப் பரீட்சைகளும் அங்கே நடக்கின்றன, விரும்பினால் கற்கலாம்; ஆனால் இந்த வயதில் தொடங்கி மரபுப் பாலே குழுவொன்றில் இடம் பெறலாம் என்று எவராவது பணம் கேட்டு உறுதியளித்தால் நம்பவேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். கலாக்ஷேத்திராவை 1936 இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் நாடியதும் பாலேயையே என்பதையும் சொன்னேன். அவர் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவை அறிந்து, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பயின்று, பின்னர் பாவ்லோவாவின் தூண்டுதலால் தம் மண்ணின் ஆடலைத் தேடி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935 இல் தம் 31 ஆவது வயதில் மேடையேறினார். பாலேயில் நினைத்துப் பார்க்கமுடியாத அந்த வயது பரதத்தில் ஒருவருக்கு வாய்த்தது. வட இந்திய நடனமான கதக் பயின்று வளர்ந்த இலண்டன் நடனக் கலைஞர் அக்ரம் கான், 2016 இல் இங்கிலீஷ் நாஷனல் பாலே குழுவுக்கு ‘ஜிசெல்’ என்ற பழைய பாலேயைப் புதிதாக அமைத்துக் கொடுத்ததையும் அவளுக்குக் காட்டினேன். தன் காலில் ஏறிய தாளத்தை விட்டுவிடாமலும் அந்த உலகத்தை அடைய வழி உண்டு என்பது அவளுக்கு அன்று தெரியவேண்டியிருந்தது. அவள் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வழமைபோல வந்திருந்தாள்.

தங்களிடம் நான் கேட்பது இதுவே. அடுத்த பெறுபேறுகளின்போது நுண்கலை மாணவருக்கென ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒவ்வொரு நிறுவனத்திலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் நடனம் படித்து வெளியேறியவர் தொகையையும், அவர்களில் நியமனம் பெற்றவர், மேடையில் தொழில்புரிபவர், காத்திருப்பவர் தொகைகளையும் அந்தந்த நிறுவனங்களிடமே கேட்டு வெளியிடவேண்டும். செயன்முறைத் தெரிவில் என்னென்ன எதிர்பார்க்கப்படுகின்றன, விடுதி வசதி உண்டா, தளம் எத்தகையது என்பவற்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும். புலம்பெயர் நாடுகளிலிருந்து தம் பழைய பாடசாலைகளுக்கு உதவும் அன்பர்களும் இக்கடிதத்தை வாசிப்பார்களாயின், அடுத்த நன்கொடையை வாசல் வளைவுக்குக் கொடுக்காமல் நடனக்கூடத்துக்கு ஒரு மரத்தளம் இடுவதற்குக் கொடுக்குமாறு வேண்டுகிறேன். நம்மூர்த் தச்சர்களே அதைச் செய்வார்கள்.

பரந்தன் பிள்ளை மருதனார்மடத்தை முதல் தெரிவாகவும் மட்டக்களப்பை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறாள். அவளையும் தகப்பனையும் அழைத்துக்கொண்டு வருகிற சனிக்கிழமை மருதனார்மடத்துக்குச் சென்று, அங்கே மூன்றாம் ஆண்டில் படிக்கும் என் பழைய மாணவிகள் இருவரோடு பேசவைக்க ஒழுங்கு செய்துள்ளேன். செயன்முறைத் தெரிவுக்குரிய திகதி அறிவிக்கப்படுவதற்கு முன் தங்கள் பத்திரிகையில் இக்கடிதம் வெளிவருமாயின், இதே நிலையில் நிற்கும் வேறு சில பெற்றோரும் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று நேரில் பார்த்து வரக் காலம் இருக்கும்.

இங்ஙனம்,
நடன ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.